சாம்பல் புதனுக்குப் பிறகு

அகதாவின் எடை முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு முப்பத்தாறரை இருந்தாள். அதற்குப் பிறகு சவரிநாதன் அவளை எடை பார்க்கவில்லை. வீட்டில் இருந்த மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். குளிப்பாட்டத் தூக்கும்போது கையே சொல்லிவிடுகிறது, மிஷின் எதற்கு.

அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. வயிறு இரைவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்கே கேட்கும். ஆனால் கஞ்சிக் கரண்டி உதட்டருகே போனதும் பல்லை இறுக்கிக்கொள்வாள். வற்புறுத்தினால் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பாள். ஒரு கிண்ணம் கஞ்சியில் கால்வாசி உள்ளே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். மீதி அவர் சட்டையில் இருக்கும்.

மகள் ஜூலியானா ஈப்போவின் இன்னொரு மூலையில் இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து வாரம் இரண்டு முறை வந்து பார்த்துப் போவாள். வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"குழாய் போட்டா வீட்ல வச்சுப் பாக்க முடியாதுப்பா. ஹோம்ல விட்றலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு எடம் இருக்கு. சீனங்க நடத்துறாங்க, சுத்தமா இருக்கு."

"நம்ம குடும்பத்துல யாரும் ஹோம்ல கெடந்து சாகல."

"நம்ம குடும்பத்துல யாருக்கும் இது வரலயேப்பா."

"பிரஷர் எல்லாருக்கும்தான் வருது."

ஜூலியானா மேசையைத் துடைக்கப் போய்விடுவாள். அல்சைமர் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது. ஆறு வருஷமாக அதுதான் சட்டம். கோயிலில் கேட்பவர்களுக்கு அகதாவுக்குப் பிரஷர், தலைச்சுற்று, அதனால் அதிகம் பேசுவதில்லை.

சவரிநாதனின் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணி. ஆபீஸ் வேலை போக மீதி நேரத்தில் உபதேசியார். தோட்டத்து மாதா கோயிலை, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்தான், அவரே முன்னின்று கட்டினார். அக்காள் தைப்பிங்கில் கன்னியர் மடத்து சிஸ்டராக இருந்து மறைந்தாள். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, ஜனங்கள் ஈப்போவுக்கு வந்து சேர்ந்த பிறகும் 'உபதேசியார் குடும்பம்' என்ற பேர் அவர்களோடு லாரி ஏறி வந்துவிட்டது. நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற சவரிநாதனுக்கு எழுபத்தேழு வயது. இன்னமும் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். நாற்காலியில் சாயமாட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பூசையில் நற்கருணை கொடுக்கும் பணியாளர்களில் அவர் மூத்தவர்.

சாம்பல் புதனுக்குச் சாம்பல் தயாரிப்பதும் அவர் வேலைதான். போன வருஷத்துக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து திரும்ப வாங்கி, பழைய மைலோ டின்னில் போட்டு எரித்து, டீ வடிகட்டியில் சலித்து எடுப்பார். அந்த வருஷமும் அப்படித்தான் எடுத்தார். பூசையன்று பங்குச் சாமியார் ஒரு வரிசைக்கும், சவரிநாதன் ஒரு வரிசைக்கும், ரோய்ஸ்டன் ஒரு வரிசைக்குமாகக் கிண்ணத்தோடு நின்றார்கள். ரோய்ஸ்டன் பங்குப் பேரவைத் தலைவர், பேங்க் ஆபீசர், நாற்பத்தைந்து வயது.

ஜூலியானா அம்மாவைக் கைத்தாங்கலாக அப்பாவின் வரிசைக்கே கூட்டி வந்தாள். சவரிநாதன் கட்டைவிரலைச் சாம்பலில் தொட்டு, "மனந்திரும்பி நற்செய்தியை நம்பு" என்று சொல்லி, மனைவியின் நெற்றியில் சிலுவை போட்டார்.

அகதா நிமிர்ந்து பார்த்தாள்.

மாசக்கணக்காக அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. கண்கள் ஆள்மேல் படும், நிற்காமல் வழிந்துபோகும். இப்போது நின்றன. வலது கையைக் குவித்து, அதன் கீழே இடது கையைக் கொடுத்து, முன்னால் நீட்டினாள். பிறகு வாயைத் திறந்து நாக்கை வெளியே காட்டினாள்.

"வாயில கொஞ்சம் போடுங்க சாமி."

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. பக்கத்து வரிசையிலிருந்து ரோய்ஸ்டன் மெல்லச் சிரித்தான். "ஆன்ட்டி கம்யூனியன்னு நெனச்சிட்டாங்க லா அண்ணே."

"ஆமா," என்றார் சவரிநாதன். அடுத்தவரைக் கூப்பிடக் கையசைத்தார். அவர் காது மடல் சூடேறியிருந்தது. நற்கருணை என்று அவள் நினைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அகதா ஒரு கிண்ணம் கஞ்சியும் அரை முட்டையும் சாப்பிட்டாள். கரண்டி வருமுன்பே வாய் திறந்தது. ராத்திரியும் சாப்பிட்டாள். வியாழக்கிழமை காலையில் அவர் குளிப்பாட்டி, தலை துவட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கஞ்சியோடு உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சவரிநாதன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பேர் வீரம்மா. அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒருவரின் மகள். உபதேசியார் வீட்டுக்கு மருமகளாக வருவதென்றால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று அப்பா சொன்னார், வாங்கினாள். நெற்றியைக் காலியாக வைக்க வேண்டும் என்றார், வைத்தாள். அதற்குப் பிறகு அவள் செபமாலை சொல்லாத நாள் இல்லை. பிறந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. லயத்து வாசலில் விடியுமுன்னே, காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், அவள் அம்மா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முகம் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, வாயில் ஒரு சிட்டிகை போட்டு, அதற்கப்புறம்தான் கோப்பியும் ரொட்டியும் கையில் கொடுப்பாள். கிராணி வீட்டு ஜன்னலிலிருந்து சின்ன வயதில் அவர் பார்த்ததுதான். பார்த்து, அக்காளோடு சேர்ந்து சிரித்ததுகூட நினைவு இருக்கிறது.

பூசிக்கொள்ளாமல் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அம்மா சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி அகதா வாயை மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

மிஞ்சிய சாம்பலை மாதா கெபிக்குப் பக்கத்தில் பூச்செடிக்கு அடியில் புதைக்க வேண்டியது சவரிநாதனின் பொறுப்பு. அவர் அதைப் புதைக்கவில்லை. ஒரு மாத்திரை டப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மந்திரிக்கப்பட்ட சாம்பல்தான், இதில் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று வேளையும் கட்டைவிரலால் சின்னச் சிலுவை, நாக்கில் ஒரு பொட்டு, பிறகு கஞ்சி. அவள் சாப்பிட்டாள். இரண்டாவது வாரக் கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷினை இழுத்து அவளை நிறுத்தினார். முப்பத்தாறு. இடையில் எவ்வளவுக்குப் போயிருந்ததோ, அது கர்த்தருக்குத் தெரியும்.

தவக்காலம் மூன்றாம் வாரத்தில் டப்பி காலியானது. மறுநாள் அகதா வாயைத் திறக்கவில்லை. சவரிநாதன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். வீடு இருக்கும் சிலிபினிலேயே நாலு கடை இருந்தும் முகம் தெரியாத இடமாகத் தேடிப்போனார். பூசைச் சாமான் கடையில் கார்த்திகேசு என்று பலகை மாட்டியிருந்த கல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார்.

"திருநீறு வேணும்."

"எது? பழனியா, சாதாவா? வாசனை போட்டது இருக்கு, போடாதது இருக்கு."

சவரிநாதனுக்கு அதில் வகை இருப்பதே தெரியாது. "நல்லதாக் குடுங்க."

"யாருக்குண்ணே? பூசைக்கா, சின்னப் பிள்ளைக்கா?"

"வீட்ல வேலைக்காரி. அவ கேட்டா."

"பரவால்லயே, இந்தக் காலத்துல நம்மாளு வேலைக்குக் கெடைக்குதா? எங்க வீட்டுக்காரி ஆறு மாசமாத் தேடுறா. வயசானவங்களா?"

"ஆமா."

"பாத்து வச்சுக்குங்க. வுட்றாதீங்க."

பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் மோட்டாரை மிதிக்க மறந்து வெயிலில் நின்றார். வேலைக்காரி என்று அவர் வாய் சொல்லிவிட்டது. யோசிக்கக்கூட இல்லை.

வெள்ளைத் திருநீற்றைக் கட்டைவிரலால் சிலுவையாகப் போட்டபோது அகதா முகத்தைச் சுளித்தாள். அவர் கையைப் பிடித்து, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நெற்றியை முன்னால் கொண்டுவந்தாள். சவரிநாதன் மூன்று விரலால் இழுத்தார். கோணலாக வந்தது. அவள் அதற்கே சிரித்தாள். மனைவி சிரித்து அவர் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

பூசையில் கையில் நற்கருணைக் கிண்ணத்தோடு நிற்க அதன்பின் அவருக்கு மனம் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கலாம். போனால் சாமியாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் நிறுத்த வேண்டும். ரோய்ஸ்டனுக்குப் போன் போட்டார். "அகதாவப் பாத்துக்க ஆள் இல்ல. ஈஸ்டர் வரைக்கும் என் பேர லிஸ்ட்ல போடாத."

அவர் சொன்னதைக் கோயில்காரர்கள் அன்போடு எடுத்துக்கொண்டதுதான் வினையாயிற்று. அடுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம் அகதா பாதிக் கஞ்சியில் இருந்தாள். வெளியே கார் வந்து நின்றது. ரோய்ஸ்டன் கேட்டை ஆட்டிக் கூப்பிட்டான்.

"அண்ணே, நாங்கதான். ஃபாதரும் வந்திருக்காரு. ஆன்ட்டிக்கு நற்கருணை குடுக்க வந்தோம். காலைலயே வாட்ஸாப் போட்டேனே, பாக்கலயா?"

சவரிநாதன் கையில் கரண்டி. எதிரே அகதா, நெற்றி நிறைய மூன்று பட்டை, உதட்டோரத்தில் வெள்ளைப் பொட்டு, அடுத்த வாய்க்காகத் திறந்திருக்கும் வாய்.

"இதோ வாரேன்" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் கிடந்த ஈரத் துண்டை எடுத்தார். ஒரு கையால் அவள் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெற்றியைத் துடைத்தார். முதலில் துடைத்தபோது குழைந்து பரவியது. இரண்டாவது முறை அழுத்தித் தேய்த்தார். அகதா தலையைப் பின்னால் இழுத்தாள். அவர் விடவில்லை. நீறு கண்ணில் இறங்கியது. "ம்மா" என்றாள், ஆட்டுக்குட்டி மாதிரி. புருவத்துக்கு மேலே தோல் சிவக்கும் வரைக்கும் தேய்த்துவிட்டுத் துண்டைச் சமையலறைக்குள் எறிந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய்க் கேட்டைத் திறந்தார்.

சாமியார் செபம் சொன்னார். அப்பத்தில் சின்னத் துணுக்காகக் கிள்ளி அகதாவின் உதட்டருகே கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி உருக்கமா இருக்காங்க," என்றான் ரோய்ஸ்டன்.

"களைப்பு," என்றார் சவரிநாதன்.

போகும்போது ரோய்ஸ்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வீட்ட எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க. ஒரு ஆம்பள தனியா. உபதேசியார் குடும்பம்னா சும்மாவா அண்ணே." ஒரு கணம், ஒரே ஒரு கணம், சவரிநாதனின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கார் திரும்பிப் போனதும் உள்ளே ஓடிப் பொட்டலத்தை எடுத்தார். மூன்று விரலில் தொட்டுக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார்.

அகதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ராத்திரியும் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கை தோளுக்கு மேலே உயர்ந்தாலே உடம்பைக் குறுக்கினாள். அவள் தூங்கும்போது பூசிப் பார்த்தார், விழித்துக்கொண்டு அலறினாள். திங்கட்கிழமை தண்ணீரும் உள்ளே போகவில்லை. வாயோரமாக வழிந்து கழுத்தை நனைத்தது.

ஜூலியானா வந்து அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். வெடித்திருந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது. நான் பேசிட்டேன். நீங்க என்னாதான் சொன்னாலும் சரிப்பா."

சவரிநாதன் அவளை உட்காரச் சொன்னார். அகதாவின் பழைய பேரையும், சாம்பல் புதனிலிருந்து துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் இருந்த அப்பாவின் படத்தையும் பார்க்கவில்லை.

"அம்மா பேரு வீரம்மான்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்," என்றாள் ஜூலியானா. பிறகு, "ஒரு ஃபார்ம்ல எழுதுறதுக்குக்கூட அத சொன்னதில்லயேப்பா நீங்க."

சாயங்காலம் ஆறு மணிக்குச் சவரிநாதன் பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். அந்த வீட்டுச் சாந்தினி பள்ளிக்கூடக் காண்டீனில் சமைப்பவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் தைப்பூசத்துக்காகக் கூட்டாளிகளோடு வீட்டு முன்னால் உறுமி மேளம் பழகினான். சவரிநாதன் போலீசுக்குப் போன் செய்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சாந்தினி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கொடியைப் பார்த்தாள்.

"என்னா அங்கிள், இன்னிக்கு ரேடியோகூடப் போடலயே. எதுக்கு கம்ப்ளேன்?"

"கம்ப்ளேன் இல்ல."

"பெறகு?"

"ஒரு உதவி."

"போலீஸ் நம்பர் ஒங்ககிட்டத்தான் இருக்கே, அங்க கேக்கலாமே."

சவரிநாதன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் சம்சாரம் மூணு நாளா சாப்பிடல. அவளுக்கு அல்சைமர். ஆறு வருஷமா. திருநீறு பூசினாத்தான் வாயத் தொறக்கறா. நான் பூசப் போனா பயப்படறா. நீ வந்து பூசி விடணும்."

சாந்தினியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. "நீங்க பூசினா ஏன் பயப்படறாங்க?"

"நான் அழுத்தித் தேய்ச்சு அழிச்சேன். கோயில்காரங்க வந்தாங்க, அதனால."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வீட்ல சோறு கொழைஞ்சு இருக்கு, கஞ்சி வேணாம். நான் குளிச்சிட்டு வாரேன்," என்றாள்.

ஈரத் தலையோடு வந்தாள். அகதாவின் அறைக்குள் போனதும் வாசற்படியில் நின்ற சவரிநாதனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அந்தப் பக்கம் போங்க அங்கிள். ஒங்களப் பாத்துக்கிட்டே இருக்காங்க."

அவர் சமையலறைக்குப் போய் நின்றார். ஜூலியானா மட்டும் உள்ளே இருந்தாள். முகம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "பேரு என்னா, அகதாவா?" "வீரம்மான்னு கூப்புடுங்கக்கா." "வீரம்மா, இங்க பாரு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கண்ண மூடு. ம், அவ்ளோதான். ஆ காட்டு." பிறகு கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். ஜூலியானா அழுதாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டரிடம் இரண்டு வாரம் தவணை வாங்கினாள் ஜூலியானா. சாந்தினி வேலைக்குப் போகுமுன்னே ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை வந்துபோனாள். மத்தியானத்துக்கு ஜூலியானா வேலையிடத்தில் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளும் சாந்தினி காட்டிக் கொடுத்தபடி மூன்று விரலால் பூசினாள். சவரிநாதனை எதிரே பார்த்தால் மட்டும் அகதாவின் வாய் மூடிக்கொள்ளும். ஒருநாள் இதையும் மறந்துவிடுவாள் என்று ஜூலியானா சொன்னாள். எல்லாவற்றையும் மறந்தவள் இதை மறக்கவில்லை. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும்கூடப் பெண்கள் கைக்குப் போய்விட்டது.

பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவும் சடங்குக்கான பட்டியலோடு ரோய்ஸ்டன் ஒரு சாயங்காலம் வந்தான். முன்னறையில் சாய்வு நாற்காலியில் அகதா உட்கார்ந்திருந்தாள். பளிச்சென்ற பட்டையும் நடுவில் குங்குமமும். பக்கத்தில் முக்காலியில் சாந்தினி. ரோய்ஸ்டன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சவரிநாதன் பின்கட்டிலிருந்து வந்து, அகதாவின் பார்வை படாத இடமாகப் பார்த்துக் கதவோரம் நின்றார்.

"அண்ணே, இது..." என்றான் ரோய்ஸ்டன். குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மா பண்ணிவிட்டதா? ஒங்களுக்குத் தெரியாம..."

"நான்தான் பண்ணச் சொன்னேன்."

"ஃபாதருக்குத் தெரிஞ்சா..."

"நேத்து நானே போய்ச் சொல்லிட்டேன். பணியிலேருந்து என் பேர எடுத்துக்கச் சொல்லிட்டேன். அவரு யோசிங்கன்னாரு. யோசிக்க ஒண்ணும் இல்ல. லிஸ்ட்ல வேற ஆளப் போடு."

"ஒங்கப்பா இருந்திருந்தா என்னா நெனப்பாருண்ணே."

சவரிநாதன் முதுகு வளையாமல்தான் நின்றார். ரோய்ஸ்டன் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, வாரேண்ணே" என்று போனான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

அவர் சமையலறைக்குத் திரும்பினார். அடுப்பில் குழைந்த சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு மிஞ்சியது அந்த வேலை ஒன்றுதான். உப்புப் பார்த்தார், மத்தால் மசித்தார், இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி ஆற வைத்தார்.

"அங்கிள்," என்று சாந்தினி முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் கேக்குறாங்க. கொண்டாங்க."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டினார்.